டர்போவா, என்.ஏ.வா: ஒரு டிராக் சிட்டியின் எஞ்சின் இரண்டாம் முறை கட்டப்பட்டபோது

பின்னணி

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே வைத்திருந்த ஒரு பழைய ஹோண்டா சிட்டியைப் பற்றிய குறிப்பு இது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவா, அது இல்லாமல் எஞ்சின் தானே காற்றை இழுக்கும் என்.ஏ.வா (நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்) என்பதுதான் கேள்வி. 2000-களின் தொடக்கத்தில் விற்ற 1.5 விடெக் (எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வால்வு திறப்பைக் கூட்டும் ஹோண்டா முறை) மாடல். 1,493 சிசி, நான்கு சிலிண்டர், வால்வுகளைத் திறக்கும் ஒற்றை கேம் தண்டு, கம்பெனியிலிருந்து வரும்போதே 106 குதிரைத்திறன். வண்டி எடை குறைவு, எஞ்சின் 7,000 ஆர்பிஎம் பக்கம் வரை சலிக்காமல் சுற்றும். டிராக் ஆட்கள் இந்த மாடலை இன்றும் தேடிப் பிடித்து வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

உரிமையாளர் சொந்தமாக லேத் பட்டறை நடத்துபவர். மாதம் ஒருமுறை டிராக் நாளில் ஓட்ட வேண்டும், வருடத்தில் இரண்டு மூன்று கிளப் டைம் அட்டாக் (சுற்று நேரத்தை வைத்து நடக்கும்) போட்டிகளில் கலந்துகொள்ள வேண்டும், வாய்ப்பு அமைந்தால் சென்னைக்கு அருகில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் போய்வர வேண்டும். அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். டியூனிங் கணக்கும் டேட்டா லாக்கரும் என் பொறுப்பு. எஞ்சின் பிரித்துக் கட்டியவர் எங்கள் பட்டறையின் மூத்த மெக்கானிக்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதிவுள்ள காரின் எஞ்சினை இப்படி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு முரணானது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019-ல் உறுதிப்படுத்தியது. காப்பீடும் நிற்காது. இந்த வண்டியின் பதிவு ரத்து செய்யப்பட்டுவிட்டது. டிராக்குக்குப் போவதும் வருவதும் லாரியில்தான். ரோட்டில் ஓடும் காருக்கு இந்தக் குறிப்பை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி வந்தபோது

எங்களிடம் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், வேறொரு இடத்தில் டர்போ பொருத்தியிருந்தார்கள். எஞ்சினைத் திறக்கவில்லை. பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் பழையவை. பூஸ்ட், அதாவது வளிமண்டலத்துக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம், 0.5 பார். டைனோ (சக்தியை அளக்கும் கருவி) தாளில் சக்கரத்தில் 128 குதிரைத்திறன் என்று இருந்தது. டர்போ போடுவதற்கு முன் அதே டைனோவில் 90. தாளை மட்டும் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஏப்ரல் மாத டிராக் நாள் ஒன்றில், ஐந்தாவது சுற்றில் பின்னால் நீலப் புகை. இழுவை சட்டென்று விழுந்தது. அவர் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார், அதனால் பிளாக் தப்பித்தது.

கம்ப்ரெஷன் பார்த்ததில் 1, 2, 4 சிலிண்டர்கள் 12.5 பாருக்கு மேல் காட்டின. மூன்றாவது 5 பாரில் நின்றது. அதற்குள் காற்றை ஏற்றிப் பார்த்தால் ஆயில் ஊற்றும் மூடி வழியாகச் சீறல் கேட்டது. வால்வு வழியாகவோ கூலன்ட்டுக்குள்ளோ கசிவு இல்லை. அதாவது கோளாறு பிஸ்டனிலோ ரிங்கிலோதான். மூன்றாவது பிளக்கைக் கழற்றினோம். வெள்ளைப் பீங்கான் முழுக்க மிளகுப் பொடி தூவியதுபோல் புள்ளிகள், நடுவே பளபளக்கும் அலுமினியத் துகள்கள். இதைப் பார்த்ததுமே மெக்கானிக் அண்ணா, "நாக்கிங்ல போயிருக்குங்க" என்று சொல்லிவிட்டார். நாக்கிங் என்பது பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாகவே வெடிப்பது. ஹெட்டை இறக்கியபோது அது உறுதியானது. மேல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய பகுதி உடைந்து பெயர்ந்திருந்தது. பிஸ்டன் தலையின் ஓரம் அரித்திருந்தது. அதே சிலிண்டரில் ராட் பேரிங்கின் மேல் பாதி மட்டும் தேய்ந்திருந்தது. நாக்கிங் ஒவ்வொரு முறையும் பிஸ்டனை மேலிருந்து அடித்திருக்கிறது, அந்த அடியைக் கடைசியில் வாங்கியது அந்தப் பேரிங்.

ஏன் உடைந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். "டர்போ போட்டால் எஞ்சின் போய்விடும்" என்று பலரும் எடுத்துக்கொள்ளும் முடிவு இந்த வண்டி விஷயத்தில் சரியில்லை. 0.5 பார் என்பது இந்த எஞ்சின் தாங்கக்கூடிய அளவுதான், எரிபொருளும் இக்னிஷன் டைமிங்கும் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) சரியாக இருந்தால்.

ஹோண்டாவின் பழைய இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), காற்று உள்ளே போகும் மானிஃபோல்டில் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சார் வழியாகப் பார்த்து வேலை செய்கிறது. வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போனால் அது குழம்பி எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிடும். அதை மறைக்க, சென்சாருக்குப் போகும் குழாயில் ஒரு சிறு ஒருவழி வால்வு வைத்திருந்தார்கள். பூஸ்ட் ஏறுவதே இசியுவுக்குத் தெரியாது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு உரிய டைமிங்கையே அது கொடுத்துக்கொண்டிருந்தது. பொதுவாக ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி டைமிங்கைக் குறைப்பார்கள், அதாவது தீப்பொறியைத் தாமதமாக்குவார்கள். இங்கே ஏழு பிஎஸ்ஐ (0.5 பார்) ஏறியும் ஒரு டிகிரிகூடக் குறையவில்லை. கூடுதல் பெட்ரோலுக்கு, பூஸ்ட் ஏற ஏற எரிபொருள் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர் ஒன்று. அந்த அழுத்தத்தில் பழைய பம்ப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அடுத்தது வெப்பம். 38 டிகிரி வெயிலில் காற்றை 0.5 பார் அழுத்தினால், சுமாரான திறனுள்ள கம்ப்ரெஸரிலிருந்து அது 95 முதல் 100 டிகிரி வரை சூடாகித்தான் வெளியே வரும். நல்ல இன்டர்கூலர் அதை 55 டிகிரிக்குப் பக்கம் இறக்கிவிடும். இந்த வண்டியின் இன்டர்கூலர் சின்னது, அதையும் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டியிருந்தார்கள். தன்னையும் குளிர்விக்கவில்லை, ரேடியேட்டருக்கும் காற்று விடவில்லை.

லாக்கர் காட்டியது

உரிமையாளர் தொடக்கத்திலிருந்தே ஜிபிஎஸ் லாக்கர் வைத்திருந்தது எங்களுக்குப் பெரிய உதவி. டர்போ போடுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிய பதிவுகள், அதே டிராக், அதே டயர்.

டர்போ இல்லாதபோது சுற்று நேரம் 1 நிமிடம் 22.8 நொடி. பத்துச் சுற்று ஓட்டினாலும் பெரிய மாற்றமில்லை. டர்போவோடு இரண்டாவது சுற்றில் 1:20.6 வந்தது. மூன்றாவதில் 1:22, நான்காவதில் 1:24. அதற்குள் எஞ்சினுக்குள் போகும் காற்று 52-லிருந்து 78 டிகிரிக்கு ஏறியிருந்தது, கூலன்ட் 109 டிகிரி. அப்புறம் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். பத்துச் சுற்றுக்குமான மொத்த நேரத்தைக் கூட்டினால் டர்போ வண்டி பழைய வண்டியைவிட மெதுவாக இருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது, எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. கரி டிராக் 2 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், இறுக்கமான வளைவுகள் நிறைய. ஒரு சுற்றில் ஆக்சிலேட்டர் முழுக்க அழுத்தியிருந்த நேரம் 41 சதவீதம் மட்டும். மெதுவான வளைவுகளிலிருந்து வெளியே வரும்போது ஓட்டுநர் பாதி அழுத்தத்திலேயே காத்திருந்தார். காரணம், வளைவின் உள்பக்க முன்சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. சாதாரண டிஃபரென்ஷியல் சக்தியைப் பிடிமானம் இல்லாத சக்கரத்துக்கே அனுப்பிவிடும். டர்போ கொடுத்த நடு ஆர்பிஎம் டார்க் அங்கே டயரைத் தேய்க்கத்தான் பயன்பட்டது.

இரண்டு திட்டங்கள்

எப்படியும் எஞ்சினைப் பிரித்தாயிற்று. சிலிண்டர் போர் (உட்சுவர்) கீறியிருந்ததால் 0.5 மி.மீ. ஓவர்சைஸ் பண்ணியாக வேண்டும், கொள்ளளவு 1,513 சிசி ஆகிவிடும். இங்கிருந்து எந்தப் பக்கம் போவது?

முதல் திட்டம், டர்போவை முறையாகச் செய்வது. ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய, உறுதியான) பிஸ்டன், ராட், தனி இசியு, பெரிய இன்ஜெக்டர், பம்ப், பெரிய இன்டர்கூலர், ரேடியேட்டர், ஆயில் கூலர், கிளட்ச், இத்துடன் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் டிஃபரென்ஷியல்). உரிமையாளரின் லேத்தில் செய்யக்கூடியவற்றைக் கழித்தும் 7 லட்சத்தைத் தாண்டியது. சக்கரத்தில் 150 குதிரைத்திறனுக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

இரண்டாவது, டர்போவைக் கழற்றிவிட்டு என்.ஏ.வாகவே கட்டுவது. கம்ப்ரெஷன் விகிதத்தை 11-க்கு ஏற்றும் பிஸ்டன், கேம், வால்வு ஸ்பிரிங், 4-2-1 ஹெடர் (புகை வெளியேறும் குழாய்), தனி இசியு, எல்எஸ்டி. 5 லட்சத்துக்குள் முடியும். உரிமையாளர் சொன்ன வரம்பும் அதுதான்.

மூன்றாவதாக, பழைய அக்கார்டின் 2.4 லிட்டர் எஞ்சினை இறக்கலாம் என்ற பேச்சும் வந்தது. முன்சக்கரங்கள் மேல் ஏறும் எடையையும் போட்டி வகுப்பையும் நினைத்து உடனே கைவிட்டோம்.

என்.ஏ.வில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முதலிலேயே கணக்குப் போட்டு அவரிடம் காட்டினோம். குதிரைத்திறன் என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தது. டர்போ எஞ்சினில் கிடைத்த ஏறத்தாழ 150 குதிரைத்திறனை (எஞ்சினில் 150, சக்கரத்தில் 128) 7,600 ஆர்பிஎம்மில் என்.ஏ.வாக எடுக்க, அந்த வேகத்திலும் 141 நியூட்டன் மீட்டர் டார்க் வேண்டும். லிட்டருக்கு 93. இந்த ஹெட்டிலும் இந்தச் செலவிலும் அது வராது. 135 குதிரைத்திறன் (சக்கரத்தில் ஏறத்தாழ 115) என்றால் லிட்டருக்கு 84 போதும், அது நடக்கும். கம்ப்ரெஷனை ஏற்றினாலே சக்தி கொட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்பதரையிலிருந்து 11-க்கு ஏற்றினால் கோட்பாட்டளவில் கிடைப்பது 4 சதவீதம்தான். மீதியைக் கேமும், மூச்சுவிடும் வழிகளும், கூடுதல் ஆர்பிஎம்மும்தான் தர வேண்டும்.

எடுத்த முடிவு

உரிமையாளருக்கு உடனே மனம் ஒப்பவில்லை. "அண்ணா, 128 காட்டின வண்டிங்க. இத்தனை பணத்தைப் போட்டு 115 காட்டினா என்னங்கண்ணா அர்த்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். லாக்கர் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு மெக்கானிக் அண்ணா ஒன்றே ஒன்று கேட்டார்: "நாலாவது ரவுண்டுல அந்த 128 எங்க போச்சுங்க தம்பி?"

என்.ஏ. என்று முடிவானதற்குக் காரணங்கள் எல்லாமே ஒரே எடையுள்ளவை அல்ல. பெரிய காரணம் வெப்பம். மார்ச் முதல் மே வரை கோவை வெயிலில் இருபது நிமிட ஓட்டம் தாங்க வேண்டும். டர்போவை முறையாகச் செய்தால் தாங்கும், ஆனால் அதற்கான பணம் அவரிடம் இல்லை. பணம் போதாமல் பாதி செய்த டர்போதான் இந்த எஞ்சினை உடைத்தது. மறுபடியும் அதே இடத்தில் போய் நிற்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது டிராக்கின் இயல்பு. வளைவிலிருந்து வெளியே வரும்போது காலை அழுத்தும் அளவுக்கேற்ப உடனே, சீராகச் சக்தி வர வேண்டும். முன்சக்கர இழுவை வண்டியில் டர்போ திடீரென்று எழும்போது ஸ்டியரிங் கையை இழுக்கும். பெரிய அணிகள் இதை இசியுவின் மேப்பிங்கில் (பெட்ரோல், டைமிங் அளவுகளின் அட்டவணை) அடக்கிவிடுகின்றன. மாதம் ஒருமுறை ஓட்டுபவருக்கு அது எளிதல்ல.

வகுப்புக் கணக்கும் இருந்தது. எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதிகளில் பெட்ரோல் டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி வகுப்பை முடிவு செய்வது வழக்கம். அவர் கலந்துகொள்ளும் போட்டியிலும் அதே முறைதான். 1,513 சிசி டர்போ 2,572 சிசி ஆகிவிடும். என்.ஏ.வாக இருந்தால் 1,600-க்குக் கீழ் வகுப்பில் நிற்கலாம்.

கட்டிய விதம்

பிஸ்டன்கள் இறக்குமதி. ராட் பழையவைதான், போல்ட்டுகளை மட்டும் மாற்றினோம். ஆர்பிஎம் எல்லையை 7,000-லிருந்து 7,800-க்கு ஏற்றியதால் பிஸ்டன் மேலே போய்த் திரும்பும்போது ராட்டை இழுக்கும் விசை 24 சதவீதம் கூடும். அது ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. 84.5 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 22 மீட்டர் வருகிறது. தரமான போல்ட்டும் ஸ்பிரிங்கும் இல்லாமல் அங்கே போகக் கூடாது.

கேமில்தான் வாக்குவாதம் நீண்டது. பெரிய கேம் போட்டால் டைனோவில் இன்னும் ஐந்தாறு குதிரைத்திறன் கிடைத்திருக்கும், ஆனால் 4,500-க்குக் கீழே ஒன்றுமே இருக்காது. கரியின் மெதுவான வளைவில் வண்டி இரண்டாவது கியரில் அந்த இடத்துக்குத்தான் இறங்குகிறது. அதனால் நடுத்தரக் கேம். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்து அழுத்தி அளந்தோம். மிகக் குறுகிய இடத்தில் 1.9 மி.மீ. இருந்தது. ஹெடர் ஃபிளாஞ்சும் த்ராட்டில் அடாப்டரும் உரிமையாளரே தன் லேத்தில் கடைந்தார், வேலை மிகச் சுத்தம்.

மேப்பிங்கை இப்போது பம்ப்புகளில் வரும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலை வைத்தே செய்தோம். அதற்கு ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) குறைந்தது 95 இருக்க வேண்டும் என்பது தரவிதி. எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விப்பதால் 11 கம்ப்ரெஷனுக்கு அது உதவியாகவே இருந்தது. ஆனால் அதே அளவு காற்றுக்குக் கூடுதலாக ஊற்ற வேண்டும், இன்ஜெக்டர் கணக்கில் அதைச் சேர்த்தாக வேண்டும். பழைய ரப்பர் குழாய்கள் முழுவதையும் மாற்றினோம். 5,000 பக்கம் லேசாக நாக்கிங் கேட்டது, இரண்டு டிகிரி குறைத்ததும் நின்றது. 100 ஆக்டேன் பெட்ரோலுக்குத் தனி மேப் ஒன்று உண்டு, அதைப் போட்டி நாளில் மட்டும் பயன்படுத்துகிறோம். வெறும் 100 ஆக்டேனை நம்பி எஞ்சினைக் கட்டினால், அது கிடைக்காத நாளில் மறுபடியும் பிஸ்டன் உடையும்.

அதன் பிறகு

அதே டைனோவில் சக்கரத்தில் 116 குதிரைத்திறன், 7,500 ஆர்பிஎம்மில். டர்போவைவிட 12 குறைவு.

கரியில் முதல் முழு ஓட்டத்தில் சிறந்த சுற்று 1:19.3. பன்னிரண்டு சுற்றும் 0.7 நொடிக்குள் அடங்கின. கூலன்ட் 97-ஐத் தாண்டவில்லை. பழைய எஞ்சினோடு ஒப்பிட்டால் 3.5 நொடி குறைவு. செக்டர் (டிராக்கின் பகுதி) நேரங்களைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஏறத்தாழ 2 நொடி மெதுவான வளைவுகளிலிருந்து வெளியே வரும் இடங்களில் கிடைத்தது. அங்கே வேலை செய்தது பெரும்பாலும் எல்எஸ்டி. எஞ்சினுக்குப் போட்ட பணம் கொடுத்தது மீதி ஒன்றரை நொடி. எல்எஸ்டியைக் கழித்து, கூடிய 26 குதிரைத்திறனுக்கு ஆன செலவைப் பார்த்தால் ஒரு குதிரைத்திறனின் விலை டர்போவைவிட நிச்சயம் அதிகம். என்.ஏ. மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டையில் கதை வேறு. 3.7 கிலோமீட்டர் டிராக், நீளமான வேகப் பகுதிகள். அங்கே கம்பெனி டர்போவோடு வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ ஒன்று, மேப் மட்டும் மாற்றியது, நேர்ப் பாதையில் சிட்டியை நிம்மதியாகத் தாண்டியது. வளைவில் பிடித்ததை நேரில் விட்டுவிட வேண்டியிருந்தது. அந்தப் போலோவில் பிஸ்டன், கூலிங், இசியு எல்லாமே முதல் நாளிலிருந்து டர்போவுக்காகவே வடிவமைக்கப்பட்டவை. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர் என்.ஏ. பற்றி யோசிக்கவே தேவையில்லை.

ஒரு பருவம் முடிந்து திறந்து பார்த்தபோது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் நன்றாக இருந்தன. வால்வு ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தது, டேப்பெட் இடைவெளி ஒவ்வொரு மூன்று ஓட்டத்துக்கும் சரிபார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது கியர் சிங்க்ரோ (கியர் சீராக விழ உதவும் வளையம்) தேய்ந்திருந்தது. கவலை கொடுத்தது ஒன்றுதான்: நீண்ட வளைவுகளில் ஆயில் அழுத்தம் ஒரு நொடி கீழே இறங்கியதை லாக்கர் காட்டியது. ஆயில் சம்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஒரு பக்கமாக ஒதுங்குகிறது, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. 7,800 ஆர்பிஎம் சுற்றும் எஞ்சினில் அதை விட்டுவைக்க முடியாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே போன்ற வண்டி இன்னொன்று வந்தால் வரிசையை மாற்றுவோம். முதலில் எல்எஸ்டி, பிரேக், கூலிங். எஞ்சினைத் தொடாமல் ஓட்டிவிட்டு லாக்கரைப் பார்ப்பது. இந்த வண்டியின் பதிவுகளை வைத்துச் சொன்னால், பழைய 106 குதிரைத்திறன் எஞ்சினே எல்எஸ்டியோடு கரியில் 1:21-க்குள் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன் பிறகு எஞ்சினுக்குப் பணம் போடலாமா என்பதை உரிமையாளர் நிதானமாக முடிவு செய்திருக்கலாம்.

டர்போவையே தேர்ந்தெடுக்கும் சூழ்நிலையும் உண்டு. பெரும்பாலும் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டுபவர், பட்ஜெட் 8 லட்சம் வரை போகும், வகுப்பு மாறினால் கவலையில்லை என்றால் இதே சிட்டிக்கு டர்போதான் சொல்வேன். மலைப்பாதை ஏற்றப் போட்டிக்கும் அப்படித்தான். உயரம் கூடக் கூட மெலியும் காற்றை டர்போ பெருமளவு ஈடுகட்டிவிடும், என்.ஏ. எஞ்சினால் அது முடியாது. ஆனால் பூஸ்டைப் பார்க்கத் தெரிந்த இசியு, போதுமான பெட்ரோல், சரியான இடத்தில் இன்டர்கூலர் ஆகிய மூன்றும் இல்லாமல் 0.3 பார்கூட ஏற்ற மாட்டோம்.

ஆர்பிஎம்மை மேலே கொண்டுபோன எஞ்சினுக்குப் பழைய கியர் விகிதம் பொருந்தவில்லை என்பதும் லாக்கரில் தெரிகிறது. மூன்றாவதுக்கு மாற்றியதும் 5,000-க்குக் கீழே விழுந்துவிடுகிறது, அங்கே விடெக் இன்னும் மாறியிருக்காது. குட்டையான ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்கு முன் வரும் கடைசிக் கியர்) போட்டால் அந்த வீழ்ச்சி டிராக்கில் எங்கே வர வேண்டும் என்பதையாவது நம்மால் தேர்ந்தெடுக்க முடியும். சிங்க்ரோவுக்காகக் கியர்பாக்ஸை எப்படியும் இறக்க வேண்டும், அப்போது அதையும் செய்வதாகப் பேசியிருக்கிறோம். சம்புக்குள் தடுப்புத் தகடுகள் மட்டும் உடனே வெல்டிங் செய்தாயிற்று. கழற்றிய டர்போவை விற்று வந்த பணம் அதற்குச் சரியாக இருந்தது.